பாப்பாவுக்கு லிஃப்ட் என்றால் பயம்

ஆறாவது மாடியில் குடியிருக்கும் டிரில் மாஸ்டர் லிஃப்டில் ஏறமாட்டார். ஏன் என்று கேட்டால், "எங்க பாப்பாவுக்கு லிஃப்ட்னா பயம்" என்பார். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பாப்பாவுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், பாப்பா செய்வதே லிஃப்ட் மெக்கானிக் வேலை.

நீங்கள் சிரிப்பீர்கள். அந்தக் கட்டடத்தில் ஒருவரும் சிரித்ததில்லை. மாஸ்டரின் எதிரில் சிரிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பள்ளி மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் விசிலை வாயில் வைத்தால் அந்தக் கோடியில் நிற்கிற பையனின் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடும். ஓய்வு பெற்ற பிறகும் விசில் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. மீசையும் அப்படியே. அவரிடம் படித்தவர்கள் இன்று வழுக்கை விழுந்து, தொந்தி போட்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவரைத் தெருவில் கண்டால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.

பாப்பா என்றால் வீட்டுக்குள்தான். வெளியே அவள் லிஃப்ட்காரி. தெருவுக்கே அவளைத் தெரியும். ஊதா நிறக் கம்பெனிச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் கருவிப் பை, நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் முனகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டும் அவள் பொறுப்பில்தான் இருந்தது.

மாஸ்டர் மாடி ஏறியே வாழ்ந்த மனிதர். அவர் விழுந்தது படியில் இல்லை, குளியலறையில். சோப்பு வழுக்கியது, முட்டி பெயர்ந்தது, ஆபரேஷன் நடந்தது. மருத்துவமனையிலிருந்து அவரை அழைத்துவந்த அன்று நடந்த கூத்தைக் கேளுங்கள். கீழே லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்தபடி மகள் நிற்கிறாள். மாஸ்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எதிர்க்கடைச் சலூன்காரரைக் கூப்பிட்டு, "யோவ், ஒரு நாற்காலி கொண்டா. நாலு பேரு தூக்குங்க" என்றார்.

தூக்கினார்கள். வேறு வழி? நாலாவது மாடித் திருப்பத்தில் சலூன்காரருக்கு மூச்சு முட்டியது.

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. லிஃப்ட் சும்மாதானே நிக்குது?"

"பாப்பா பயப்படுவாய்யா."

"கதவைப் புடிச்சிட்டு நிக்கிறதே பாப்பாதானே, மாஸ்டர்!"

"வெளிய காட்டிக்க மாட்டா. உள்ளுக்குள்ள நடுங்கிட்டு இருப்பா. எனக்குத் தெரியாதா? தூக்கு."

அன்றிலிருந்து அவர் ஆறாவது மாடியிலேயே அடைந்துகிடந்தார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: தினமும் சமதரையில் நீள நடக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டி மடங்கியது மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு ஆண்டவனே வந்தாலும் நிமிர்த்த முடியாது. மாஸ்டர் கூடத்திலிருந்து சமையலறை வரை நடந்தார். நாலு எட்டு வைத்தால் சுவர். திரும்பினால் பாப்பாவின் அம்மா. "குறுக்கும் நெடுக்கும் நடந்து என் காலை மிதிக்காதீங்க" என்று அவள் கரண்டியோடு விரட்டினாள்.

முதலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். சலூன் வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கும். சாயங்காலமானால் மாஸ்டரும் கூட்டாளிகளும் அதில் உட்கார்ந்து உலகத்தையே கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். அவருடைய ஓரத்து இடத்தில் யாரும் உட்காராதபடி சலூன்காரர் செய்தித்தாளை மடித்து வைத்திருந்தார். கீழேயிருந்து கத்திரியை ஆட்டிக் காட்டுவார். மாஸ்டர் மேலேயிருந்து விசில் கொடுப்பார்.

பிறகு விசில் நின்றது. அதற்கும் பிறகு மாஸ்டர் ஜன்னல் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மீசைகூடத் தொங்கிவிட்டது. ஒருநாள் வேலை முடிந்து வந்த லிஃப்ட்காரி, சட்டைப் பொத்தான் ஒன்றைப் போடாமல் அப்பா படுத்திருப்பதைப் பார்த்தாள். பொத்தான்! இந்த மனிதரைக் கீழே கொண்டுபோகாவிட்டால் முட்டி மட்டுமில்லை, ஆளே இறுகிப்போவார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவளுக்கு லிஃப்ட் பயம் இருந்தது உண்மைதான். சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த லிஃப்டைக் கண்டால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அப்போது அதற்கு இழுத்து மூடும் கம்பிக் கதவு. திறக்கும்போது கிறீச் என்று பல்லைக் காட்டும். தரைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி. குனிந்தால் அதற்குள் கும்மிருட்டு. அந்த இருட்டிலிருந்து எண்ணெய் வாடையோடு காற்று வந்து காலைத் தொடும். அவள் படுக்கிற அறையின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிஃப்ட் ஓடும் குழி. யாராவது ஏறி இறங்கினால் சுவர் உறுமும். அவள் தலையணையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொள்வாள்.

ஐந்து வயதில் அப்பாவோடு அதில் மாட்டிக்கொண்டாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கரண்ட் போய், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. அவளுக்கு நினைவில் இருந்ததெல்லாம் இருட்டும் ஒரு அலறலும்தான். அன்றோடு அப்பா அவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏற ஆரம்பித்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு விசில் அடிப்பார். முதுகில் தொங்குகிற அவள் விறைப்பாகச் சல்யூட் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சிங்கம், படிக்கட்டில் குதிரை. தன் பயத்துக்காக அப்பா இப்படி ஏறுகிறாரே என்று அவள் சல்யூட் வைத்தபடியே வருத்தப்படுவாள்.

தொழில் படிப்புக்குப் போனபோது விதி விளையாடியது. கேட்டது ஒயரிங் பிரிவு. அங்கே இடமில்லை, லிஃப்ட் பிரிவில்தான் இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தாள். போய்த்தான் ஆக வேண்டும். முதல் நாளே அவளை லிஃப்டுக்குள் ஏற்றவில்லை, லிஃப்டின் கூரைமேல் ஏற்றினார்கள். பழுது பார்க்கிறவர்கள் அங்கே நின்றுதான் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி நின்றாள்.

பிறகு பார்த்தாள். ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் குழி முழுவதும் தெரிந்தது. இத்தனை வருஷமாகச் சுவருக்குப் பின்னால் உறுமிய பூதம் இதுதானா! நல்ல பிள்ளையாக எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கும் இரண்டு தண்டவாளம், பளபளக்கும் ஐந்து கம்பிக் கயிறு. லிஃப்ட் மேலே கிளம்பியதும் உச்சியிலிருந்து ஒரு பெரிய இரும்புப் பாரம் சத்தமே இல்லாமல் இறங்கி வந்தது. நேரே தலையில் இடிக்கப்போகிறது என்று கண்ணை மூடினாள். இடிக்கவில்லை. சரியாகப் பாதி வழியில், ஒரு சாண் தள்ளி, அவளை உரசாமல் தாண்டிக் கீழே போனது. இது ஏறினால் அது இறங்கும், அது ஏறினால் இது இறங்கும், இரண்டும் நடுவில் ஒரு தடவை சந்தித்துக்கொள்ளும். "அடேயப்பா!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். அந்த நிமிஷத்தில் விழுந்த காதல்தான். சும்மா சொல்லக் கூடாது, பிற்பாடு கல்யாணத்துக்குப் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் யாரையும் பார்த்து அவள் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை.

ஆக, அப்பாவை வழிக்குக் கொண்டுவர அவளுக்குத் தோன்றிய யோசனை, அவள் மாதிரி ஆளுக்குத்தான் தோன்றும். தனக்குப் பயம் போனது எப்படி? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததால். அப்படியானால் அப்பாவுக்கும் காட்டிவிட வேண்டியதுதானே? ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் கடை பரப்பினாள். அம்மாவின் வெள்ளை மேஜை விரிப்பு அப்போதே செத்தது.

"இதப் பாருங்கப்பா, கயிறு. இது மாதிரி அஞ்சு இருக்கு. ஒண்ணு மட்டும் இருந்தாலே மொத்த லிஃப்டையும் தாங்கும்."

மாஸ்டர் கயிற்றைத் தொடாமல் பார்த்தார். "ஒண்ணு தாங்கும்னா எதுக்கு அஞ்சு?"

"ஒருவேளை ஒண்ணு அறுந்தாக்கூட..."

"ஆங்! அப்ப அறும்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு."

"ஐயோ, அறாதுப்பா! அப்படியே அறுந்து வேகமா இறங்குனாலும் இதோ, இந்த இரும்புத் தாடை தண்டவாளத்தைக் கவ்விப் புடிச்சிரும்."

"தாடையா? பல்லு வேற வச்சிருக்கான்!"

"அதையும் மீறி விழுந்தாலும் அடியில ஸ்பிரிங் இருக்கு."

"விழுந்தாலும்ங்கிறே!" மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நல்லவேளை இதெல்லாம் எனக்கு முன்னாடி தெரியாது. பாவம் பாப்பா, இவ்வளவையும் தெரிஞ்சு வச்சிக்கிட்டு எப்படித்தான் வேலைக்குப் போறியோ!" போய் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

லிஃப்ட்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா விரிப்பை உருவிக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் போய் மூக்கு விடைக்க நின்றாள்.

"என்னம்மா இது? எனக்குப் பயம் போய் எத்தனை வருஷமாச்சு? இன்னும் பாப்பாவுக்குப் பயம், பாப்பாவுக்குப் பயம்னுட்டு!"

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். படுக்கையறைப் பக்கம் ஒரு கண் போட்டாள். "எதுக்குடி அந்த மனுஷனைப் போட்டு இந்தப் பாடு படுத்துறே? பயம் அவருக்குடி."

"யாருக்கு?"

"அன்னிக்கு லிஃப்டுக்குள்ள அலறுனது யாருன்னு நெனைச்சே? நீயா? கதவைப் பேத்துத் திறந்தப்ப நீ அவர் தோள்ல சாஞ்சு, வெரலைச் சப்பிக்கிட்டு நல்லாத் தூங்கிட்டிருந்தே. அவருக்குத்தான் சட்டையெல்லாம் தெப்பமா நனைஞ்சு, தொண்டை கட்டி, ரெண்டு நாள் பேச்சே வரல. விசில்லயே சாப்பாடு கேட்டாரு. பேச்சு வந்ததும் மொத வேலையா, 'பாப்பா பயந்துட்டா'ன்னாரு. நான் என்ன சொல்லுவேன்? அத்தனை பசங்க முன்னாடி மீசையை முறுக்கிட்டு நிக்கிற ஆளு. ஆமாங்க, ரொம்ப பயந்துட்டான்னேன்."

லிஃப்ட்காரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சொல்லிச் சொல்லி, அம்மா ஆமாம் போட்டுப் போட்டு, அந்தப் பயம் அவளுக்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலையணையைத் தலைமேல் வைத்துக்கொண்டு அத்தனை நாள் அவள் பயந்தது அப்பாவின் பயத்தையா? முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பு வந்தது. அம்மாவும் சேர்ந்துகொள்ள, இரண்டு பேரும் கிரீஸ் விரிப்பை வாயில் அடைத்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கினார்கள். கடைசியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாருடைய பயமாக இருந்தால் என்ன? ஆறு மாடி சுமந்த முதுகு பொய்யில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் விசில் அடித்துச் சிரிக்க வைத்ததும் பொய்யில்லை. அப்பாவின்மேல் அவளுக்கு இருந்த பிரியம் ஒரு பிடி கூடியதே தவிரக் குறையவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பாவின் கட்டிலோரம் போய், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு விஷயம். கம்பெனிக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் பயம் போகலப்பா."

அவ்வளவுதான். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கேட்டியா!" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நான் சொல்லல? இத்தனை வருஷமா என்ன சொல்லிட்டிருக்கேன்? பெத்தவனுக்குத் தெரியாதா?"

"மத்த லிஃப்டெல்லாம் பரவால்லப்பா. நம்ம லிஃப்டுதான். அன்னிக்கு மாட்டிக்கிட்டோம்ல, அது மனசுலயே நிக்குது. இன்னிக்கு அதை ஓட்டிச் சோதிக்கணும். யாராவது கூட இருந்தா தைரியமா இருக்கும். நீங்க வந்தா..."

மீசை ஒரு துடி துடித்தது. பொறி எங்கே இருக்கிறது என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் விரலால் விசிலை உருட்டினார்.

"உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போயேன்."

"எனக்கா? ஐயையோ, எனக்கு அந்தப் பக்கம் போனாலே தலை சுத்தும்" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. தினமும் காய்கறிப் பையோடு அதில் ஏறி இறங்கி, வழியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஊர்க்கதை முழுவதும் பேசி முடிக்கிற அதே அம்மா.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு கையை மேலே கொண்டுபோய், விட்டுப்போன பொத்தானைப் போட்டார்.

"என் வெள்ளைப் பேண்ட் எங்க?" என்றார்.

லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தாள். மாஸ்டர் உட்காரவில்லை. அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாத பாப்பா, அப்பா இருக்கேன்" என்றார். உள்ளங்கை சொட்டச் சொட்ட ஈரம். கண் இறுக்க மூடியிருந்தது.

கதவு மூடியது. லிஃப்ட் மெல்ல அசைந்து இறங்க ஆரம்பித்ததும் மாஸ்டரின் மூச்சு நின்றது. விட்டால் கத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா, மாடிக்கு ஒண்ணு. மறந்துட்டீங்களா? விசில்!"

இன்னொரு கை தடவித் தடவி விசிலைத் தேடிப் பிடித்தது. ஐந்தாவது மாடியில் வந்தது விசிலா பெருமூச்சா என்று சொல்ல முடியாது. அவள் சல்யூட் வைத்தாள். நாலாவது மாடியில் கொஞ்சம் உயிர் வந்தது. அங்கே குடியிருக்கிற புருஷன் பெண்டாட்டி காலையில் ஆரம்பித்த சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து பார்த்தார்கள். மூன்றாவது மாடியை நெருங்கும்போது அவள் சொன்னாள்.

"காதைக் குடுத்துக் கேளுங்கப்பா. இப்ப பின்பக்கச் சுவர் ஓரமா ஒரு சின்னக் காத்து சத்தம் வரும். வந்துதா?"

"வந்துது. அது யாரு?"

"நாம இறங்கணும்னு நமக்குப் பதிலா ஏறிட்டிருக்கிற பாரம். பாதி வழியில நம்மளைத் தாண்டிப் போகுது. இந்த இடத்துலதான் எனக்கு லிஃப்டை ரொம்பப் புடிக்கும்."

மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "முழு நேரமும் அது கூடவே இருக்கா?"

"அது இல்லாம லிஃப்டே இல்லப்பா."

இன்னொரு கண்ணையும் திறந்தார். மூன்றாவது மாடியின் விசிலை அடிக்க மறந்துவிட்டார்.

"பாப்பா, அன்னிக்குக் கத்துனது நான்தான்."

"தெரியும்பா."

"நீ தூங்கிட்டிருந்தே."

"அதுவும் தெரியும்."

அவர் பிடி இறுகியது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு இரண்டாவது மாடிக்கு அடித்தார் பாருங்கள் ஒரு விசில், அந்தக் காலத்து மைதான விசில்! கட்டடம் கிடுகிடுத்தது. கீழே சலூனில் ஒருவர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். அவர் மாஸ்டரின் பழைய மாணவர்.

கதவு திறந்தபோது சலூன்காரர் சீப்பும் கையுமாக வாசலில் நின்றார். பின்னால் பெஞ்சுக் கூட்டம் முழுவதும் நின்றது.

"மாஸ்டர்! லிஃப்டுலயா வந்தீங்க?"

"பாப்பாவுக்கு இன்னும் பயம் தெளியலய்யா. தனியா வர மாட்டேன்னா. அதான் துணைக்கு வந்தேன்."

எல்லாரும் லிஃப்ட்காரியைப் பார்த்தார்கள். ஊதாச் சட்டையைப் பார்த்தார்கள், கருவிப் பையைப் பார்த்தார்கள். சலூன்காரர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. அப்பா மட்டும் இல்லன்னா நான் லிஃப்ட் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

அது பொய்யில்லை; அன்று அவள் அந்த லிஃப்டில் வந்ததே அவருக்காகத்தான்.

மாஸ்டர் தெருக்கோடி வரை நடந்தார். திரும்பி வந்து, செய்தித்தாளை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து, இத்தனை வாரமாகக் கிழிக்காமல் விட்ட உலகத்தை வட்டியோடு கிழித்தார். மேலே போக நேரமானதும் அவள் எழுந்து பார்த்தால் பக்கத்தில் அவரைக் காணோம். லிஃப்ட் வாசலில் நின்று, அவரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

ஆறாவது மாடியில் கதவு திறந்தது. அம்மா காபியோடு காத்திருந்தாள். லிஃப்ட்காரி வெளியே கால் வைத்தாள். மாஸ்டர் அசையவில்லை.

"என்னங்க, வாங்க. காபி ஆறுது."

"ஆறட்டும்" என்றார் மாஸ்டர். மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். "இவளுக்கு இன்னும் கொஞ்சம் தெளியணும். இன்னொரு ரவுண்டு போயிட்டு வர்றோம்."

கதவு மூடியது. ஐந்தாவது மாடியில் விசில் கேட்டது.